என் மூக்குக்காக நானே பேசினேன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மாமியார் தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பொய் இல்லை. ஆனால் வேறு எங்கே வரும்? மூக்குக்குள் இடம் இருந்தால்தானே உள்ளே போய் உட்காரும்! என் இரண்டு மூக்குத் துவாரத்திலும் சதை வளர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. பாலிப் என்று பெயர். உரித்த லங்சாட் பழச் சுளை மாதிரி வெளுப்பாக, வழவழவென்று கொத்தாகத் தொங்கும். டாக்டர் உள்ளே கேமராவை விட்டுத் திரையில் காட்டியபோது, இத்தனையையும் வைத்துக்கொண்டா இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினேன் என்று எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

சதை வந்ததும் முதலில் போனது வாசனை. பிறகு ருசி போனது. பிறகு படுத்துத் தூங்குவது போனது. சுவரில் தலையணையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவேன். விடிந்ததும் நாக்கு காய்ந்த தென்னமட்டையாகக் கிடக்கும்.

லாபு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், லயத்து வீட்டு வாசலில் கொட்டகை போட்டுக் காலைப் பசியாறல் கடை நடத்துகிறேன். தோசை, மீன் குழம்பு, நாசி லெமாக் என்கிற மலாய்த் தேங்காய்ப்பால் சோறு. நீலாய் தொழிற்சாலைகளுக்கு வேனில் போகிற நம் பெண்கள், செம்பனைக் குலை வெட்டப் போகிற வங்காளதேசத்துக்காரர்கள், லோரி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் பொட்டலம் வாங்குவார்கள். என் வீட்டுக்காரர் அதே தோட்டத்தில் மண்டோர். நாள் முழுக்க வெயிலில் நின்று வேலைக்காரர்களை அதட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தால் பூனை மாதிரி இருப்பார். நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவரைத் திட்டப் போகிறேன்.

சமைக்கிறவளுக்கு மூக்கு போவது தையல்காரிக்குக் கண் போன மாதிரி. நாசி லெமாக்குக்கு உயிரே தேங்காய்ப்பால்தான். தேங்காய்ப்பால் புளித்தால் கண்ணுக்குத் தெரியாது. நல்ல பாலும் வெள்ளை, கெட்ட பாலும் வெள்ளை. அதனால் தினமும் விடியுமுன் பாலைப் பிழிந்து, கிண்ணத்தோடு போய் என் வீட்டுக்காரர் மூக்குக்குக் கீழே நீட்டுவேன்.

"நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு புள்ள."

அவர் சொன்ன பிறகுதான் பால் பானைக்குள் போகும். புருஷனை நம்புவது ஒன்று. புருஷனின் மூக்கை நம்பி ஊருக்கே சோறு போடுவது இன்னொன்று. ஒவ்வொரு நாளும் கடைசிப் பொட்டலம் விற்று, யாருக்கும் வயிறு கெடவில்லை என்று தெரியும்வரை எனக்கு நிம்மதி கிடையாது.

இதே வியாதி என் அண்ணனுக்கும் இருந்தது. அண்ணன் பாரோயில் இருக்கிறார், லோரி ஓட்டுகிறார். எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் எந்நேரமும் மூக்கடைப்பு. ஒரே மரத்துக் காய்கள் நாங்கள். ஆனால் அண்ணனின் வியாதியும் என் வியாதியும் ஒன்று என்று பார்க்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். அண்ணன் தும்மினால் பாரோய் தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரியும். மூக்கு அடைத்தால் வேலைக்கு லீவு. அண்ணி வெந்நீர் வைத்து, தைலம் போட்டு, போர்வையைத் தலைமேல் போர்த்தி, பக்கத்திலேயே உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுப்பார். நான் ஒரு கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறு கையில் தோசையைத் திருப்புவேன். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

எனக்கு இன்னொன்றும் கூட இருந்தது. மூச்சு இழுப்பு. அண்ணனுக்கு அது கிடையாது. எனக்கு வந்தால் மூக்கு குழாய் திறந்த மாதிரி ஒழுகும், கண் சிவக்கும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும், பேச்சு வராது. அது எப்போது வரும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தலைக்குத் தண்ணி ஊற்றினால் வரும்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டு வழக்கப்படி, மாதவிலக்கான பெண் முதல் இரண்டு நாள் அடுப்பைத் தொடமாட்டாள், சாமி விளக்கைத் தொடமாட்டாள். மூன்றாம் நாள் விடியுமுன் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைவாள். அந்த இரண்டு நாளும் என் மாமியார் கடையைப் பார்த்துக்கொள்வார். நான் உள்ளறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பேன். மூன்றாம் நாள் சுருண்டு கிடக்க முடியாது. தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஒரு வயிற்றுவலி மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு அடுப்புக்கு முன்னால் போய் நிற்பேன். முதல் தட்டுத் தோசை வேகும்போது மூச்சு இழுக்க ஆரம்பிக்கும். மாதாமாதம் இதே கதை.

"தலையில தண்ணி கோத்துக்கிச்சு. இவ்ளோ முடிய வச்சிருந்தா எப்படிக் காயும்? உள்ள எறங்கிருது" என்பார் மாமியார்.

எனக்கு முடி இடுப்பைத் தாண்டி இருந்தது. சின்ன வயதிலிருந்து யாரும் என்னை அழகி என்று சொன்னதில்லை, ஆனால் முடியைப் பற்றிச் சொல்லாதவர்கள் இல்லை. கோயில் திருவிழாவுக்குப் போனால் பின்னால் வருகிற பெண்கள் சடையைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஒரு தடவை இழுப்பு ரொம்ப மோசமாகி, தோட்டத்துக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினார்கள். திரும்பி வந்ததும் குடும்பமே கூடிப் பேசியது. மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா கத்தரிக்கோலோடு வந்தார். கழுத்தோடு வெட்டினார்கள். நான் மறுக்கவில்லை. மூச்சா முடியா என்று கேட்டால் யாரும் மூச்சைத்தானே சொல்வார்கள். அன்றைக்குப் பின்வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

முடி போன பிறகும் அடுத்த மாதம் மூச்சு இழுத்தது.

"பழைய தண்ணி உள்ள இன்னும் வத்தல லா" என்றார் மாமியார். அவரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார். அதற்குப் பிறகு மூன்றாம் நாள்கூட எனக்குத் தலைக்குளியல் கிடையாது. ஈரத்துணியால் உச்சியை ஒற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போவேன். அப்போதும் இழுத்தது. ஒற்றின ஈரம்கூட ஆகவில்லை என்றார்கள்.

மூக்குக்கு இரண்டு தடவை ஆபரேஷன் செய்தார்கள். சதையை எடுத்தார்கள், சுகமாக இருந்தது, வருஷம் திரும்புவதற்குள் மறுபடி வளர்ந்தது. நடுவில் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட ஒரு வாரம் எனக்கு வாசனை திரும்பி வந்தது. லயத்துக்குப் பின்னால் ஓடும் சாக்கடையின் நாற்றம் வந்தபோது நான் அங்கேயே நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். மாத்திரை முடிந்ததும் வாசனையும் போய்விட்டது. முகம் மட்டும் பூசணிக்காயாக வீங்கி நின்றது, ரத்தத்தில் சீனியும் ஏறிவிட்டது. அந்த மாத்திரையை எந்நேரமும் சாப்பிட முடியாது என்றார்கள். ஆனால் மூக்கு இன்னும் சாகவில்லை என்று அந்த ஒரு வாரத்தில் எனக்குத் தெரிந்துபோனது. அதன் பிறகு நான் சும்மா இருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குப் புது ஊசி கிடைத்தது.

சதையை வளரச் செய்கிற சமாச்சாரம் உடம்புக்குள் எங்கோ இருக்கிறதாம், அதையே போய்த் தடுக்கிற ஊசியாம். ரொம்ப விலை. பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட மாட்டார்கள். டாக்டர்கள் கூட்டம் போட்டு, யாருக்கு ரொம்ப மோசம் என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். அண்ணன் போட்டுக்கொண்டு இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே, "இன்னைக்கு நெத்திலி சம்பலா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

"நீயும் வா பாப்பா. அதே டாக்டருதான். நான் வந்து சொல்றேன்" என்றார்.

அடுத்த வாரம் போனோம். அறைக்குள் நான் நடுவில், இந்தப் பக்கம் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் அண்ணன். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு நெருக்கி உட்கார வைக்கவில்லை. டாக்டர் மலாயில் கேட்டார். மூக்கடைப்பு எவ்வளவு கஷ்டம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் சொன்னார். "தீகா லா டாக்டர்." தீகா என்றால் மூன்று.

தூக்கம் எப்படி என்று கேட்டார். "தூங்குவா டாக்டர், நல்லாத் தூங்குவா" என்றார் அண்ணன். என் வீட்டில் அவர் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை.

டாக்டர் என்னைப் பார்த்து, வேலை செய்ய முடிகிறதா என்று கேட்டார். நானும் என்ன சொன்னேன்? "ஓகே லா டாக்டர்." எங்கள் பக்கத்துப் பெண்கள் டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் சொல்கிற ஒரே வசனம். கால் முறிந்திருந்தாலும் ஓகே லா. மூச்சு இழுப்பைப் பற்றிக் கேட்டபோது, மாதத்தில் எப்போதாவது வரும் என்று மட்டும் சொன்னேன். எந்த நாளில் என்று கேட்டார். அண்ணனை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? தெரியவில்லை என்றேன்.

இன்னும் கொஞ்ச நாள் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அவர் மேல் தப்பில்லை. அவர் காதுக்கு வந்தது மூன்று. அண்ணன் தன் முறையில் ஒன்பது சொல்லியிருந்தாராம், அதுவும் எழுந்து நின்று. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன்.

"என்னங்க, என் மூக்குக்கு மூணுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் ஒண்ணும் சொல்ல மாட்டியே. வேலையெல்லாம் செய்யிற. அதான் மூணு இருக்கும்னு..."

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. எழுந்து நடமாடினால் நோய் சின்னது என்று அவர் நினைத்தார். நான் எழுந்து நடமாடாவிட்டால் தோட்டத்துக்கு யார் தோசை சுடுவது? அன்றைக்கே முடிவு செய்தேன். இனி என் மூக்குக்கு நான்தான் பேசுவேன். அந்த ஊசியை வாங்காமல் விடமாட்டேன்.

அடுத்த முறை தனியாகப் போனேன். கூட வருகிறேன் என்ற வீட்டுக்காரரிடம், "நீங்க காட்டுக்குப் போங்க, குலை அழுகிப் போயிரும்" என்றேன். அண்ணனுக்குச் சொல்லவே இல்லை. பஸ்ஸில் போகும்போது வாய்க்குள் மலாயில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்.

அன்றைக்கு வேறு டாக்டர். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், முக்காடு போட்ட மலாய்ப் பெண். அதே கேள்வியிலிருந்து ஆரம்பித்தார்.

"மூக்கடைப்பு எவ்வளவு?"

"ஒன்பது."

"தூக்கம்?"

"உட்கார்ந்துதான் தூங்குகிறேன் டாக்டர். ஒன்பது."

"வாசனை?"

"செபுலு" என்றேன். பத்து. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "நான் சமைக்கிறவள் டாக்டர். தேங்காய்ப்பால் கெட்டுவிட்டதா என்று கேட்க என் புருஷனை எழுப்ப வேண்டியிருக்கிறது."

அவர் டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு இழுப்பு எப்போது வரும் என்று கேட்டார். தலைக்குக் குளித்தால் என்றேன். தினமும் குளிப்பீர்கள்தானே, தினமும் வருமா என்றார். இல்லை, மூன்றாம் நாள் என்றேன். எதற்கு மூன்றாம் நாள்? ஆண்கள் யாரும் இல்லாத அறையில் அதைச் சொல்வது இவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பு, விளக்கு, தொட்டித் தண்ணீர், கத்தரிக்கோல், ஈரத்துணிவரை சொன்னேன்.

முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அன்றைக்கு வயிற்றுவலிக்கு ஏதாவது சாப்பிடுவீர்களா?"

"ஒரு மாத்திரை."

"குளிக்கிறதுக்கு முன்னாலா, பின்னாலா?"

"பின்னால். தேத்தண்ணியோடு."

"முதல் இரண்டு நாள்?"

"சாப்பிட மாட்டேன். அப்போது படுத்துக்கொள்ளலாமே."

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். மூக்கில் சதையும் மூச்சு இழுப்பும் சேர்ந்திருக்கிறவர்களில் சிலருக்கு இந்த வகை வலி மாத்திரைகள் ஆகாது, சாப்பிட்டால் மூக்கும் நெஞ்சும் ஒன்றாக அடைக்கும் என்றார். அப்படிப்பட்டவர்களுக்குச் சதையும் திரும்பத் திரும்ப வளருமாம். இதைப் பெண்களிடம் கூடுதலாகப் பார்க்கிறோம், ஆனால் அவர்கள் எங்களிடம் வந்து சேர்வதற்குள் ரொம்ப முற்றிவிடுகிறது என்றார்.

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இத்தனை வருஷம் நாங்கள் காக்காயை விரட்டிக்கொண்டிருந்தோம். என் கை தன்னால் பின்கழுத்துக்குப் போனது. அங்கே தடவ ஒன்றும் இல்லை.

ஊசிக்கு எழுதுவேன், ஆனால் கூட்டத்தில் வாயால் சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து, அந்த மாதிரி மாத்திரையைத் துளித்துளியாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். மூச்சு அடைத்தால் உடனே மருந்து கொடுக்க ஆட்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். சம்மதமா?

"எப்ப டாக்டர்?" என்று கேட்டேன்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மூச்சு நிக்கிற மருந்தைத் தெரிஞ்சே சாப்பிடுவியா? உனக்கென்ன பித்தா?"

"இத்தனை வருஷம் தெரியாம சாப்பிட்டேன். இப்பத் தெரிஞ்சு சாப்பிடுறேன். நீங்களும் வாங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது."

அவரைக் கூப்பிட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. மாமியாரிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு சாட்சி வேண்டும். என் வாய்ச்சொல் அவரிடம் செல்லாது. மகன் சொன்னால் வேதவாக்கு.

சோதனை அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார வைத்து, கொஞ்சம் கொடுத்து, காத்திருந்து, மூச்சை ஊதச் சொல்லி, இன்னும் கொஞ்சம் கொடுத்தார்கள். ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. ஒன்றும் வராமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்தது. நோய் வரவேண்டும் என்று சாமியை வேண்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிறகு மேல் உதட்டில் ஈரம் இறங்கியது. கண் அரித்தது. நெஞ்சுக்குள் பழைய விசில் மெல்ல ஆரம்பித்தது. நான் சிரித்தேன். நர்ஸ் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

மூச்சு இழுக்க இழுக்க, என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து என் தலையில் வைத்தேன். உச்சியில் அழுத்தி வைத்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னதால் திறக்கவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மருந்து கொடுத்தார்கள், மூச்சு இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அவர் தன் அம்மா முன்னால் போய் நின்று, "தண்ணி இல்லம்மா. மாத்திரைதான்" என்றார். மாமியார் என்னைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமை காலையில் நல்லெண்ணெயைச் சுட வைத்து, என்னை முக்காலியில் உட்கார வைத்து, இருந்த கொஞ்ச முடியில் தேய்த்துவிட்டார். பிறகு அவரே செம்பில் மொண்டு என் தலையில் ஊற்றினார். முழுதும் ஊற்றி முடித்து இரண்டு பேரும் காத்திருந்தோம். மூச்சு சும்மா இருந்தது.

"போன முடி போச்சு, வளத்துக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து மன்னிப்பு அவ்வளவுதான் வரும், அதுவே எனக்கு அதிகம்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் சம்பல் கிண்டிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் சம்மதித்துவிட்டார்கள் என்றார் அந்தச் சின்ன டாக்டர். நான் கரண்டியைப் பிடித்தபடியே நன்றி நன்றி என்று மலாயிலும் தமிழிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். சம்பல் அடிப்பிடித்துவிட்டது. வழக்கம்போல எனக்குத் தெரியவில்லை, பக்கத்து வீட்டு அக்காதான் கத்தினார்.

ஊசியைக் குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும். எங்கள் பெட்டியில் கெம்போங் மீனுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் அதற்கென்று ஒரு தட்டு ஒதுக்கினேன். தொடையில் நானே குத்திக்கொள்வேன். வீட்டுக்காரர் காட்டில் பாம்பை அடித்தவர். ஊசியைப் பார்த்தால் வாசலுக்குப் போய்விடுவார். முதலில் மூச்சு வந்தது. ஒரு நாள் காலையில் கண் விழித்தால் நான் படுத்திருந்தேன். தலையணை சுவரோரம் இல்லை, தலைக்குக் கீழே இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பெரிய பணக்காரியாகிவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் வாசனை வரவில்லை. அண்ணனுக்கு இரண்டு மாதத்தில் வந்தது எனக்கு மூன்றாம் மாதத்திலும் வரவில்லை. அண்ணன் ஒவ்வொரு வாரமும் போன் செய்து கேட்பார். "ஆம்பளை உடம்பு லா பாப்பா, அதான் எனக்குச் சட்டுனு புடிச்சிருச்சு. பொம்பளைக்கு அவ்ளோ வேலை செய்யாதோ என்னமோ."

இதை அப்படியே டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். மருந்துக்கு ஆண் பெண் தெரியாது, இரண்டு பேருக்கும் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்றார். "உங்கள் அண்ணன் சதை கொஞ்சமாக இருக்கும்போதே வந்துவிட்டார். நீங்கள் எவ்வளவு காலம் தாமதித்து வந்தீர்கள் என்று பாருங்கள். கொஞ்சம் பொறுங்கள்." அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மருந்துக்குத் தெரியாது. மனுஷர்களுக்குத்தான் தெரிகிறது. நான் பொறுத்தேன். ஒரு ஊசியும் தவறவிடவில்லை. தினமும் ஸ்ப்ரே அடித்தேன், உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவினேன், கிராம்பையும் காப்பித்தூளையும் மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிராம்பு வரவில்லை. காப்பித்தூள் வரவில்லை. விடியுமுன் கிண்ணத்தோடு வீட்டுக்காரரிடம் போவதும் நிற்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், துருவிய தேங்காய் வாங்க டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் போன வீட்டுக்காரர் வழியில் மழையில் மாட்டிக்கொண்டார். தேங்காய்ப் பையை ஹாண்டலில் தொங்கவிட்டு, பஸ் நிற்கிற கொட்டகையில் ஒதுங்கி நின்று, தொப்பலாக நனைந்து இருட்டியபிறகு வந்து சேர்ந்தார். மறுநாள் விடியுமுன் நான் பாலைப் பிழிந்து, வழக்கம்போலக் கிண்ணத்தை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினேன். அவர் பாதித் தூக்கத்தில் மூச்சை உறிஞ்சினார்.

"நல்லாத்தான் இருக்கு புள்ள."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்புக்குத் திரும்பினேன். அரிசி கழுவித் தயாராக இருந்தது. பாலைச் சாய்க்கப் போனபோது எங்கிருந்தோ ஒரு புளிப்பு. முதலில் தோசை மாவு என்று நினைத்தேன். மாவுச் சட்டி மூடியிருந்தது. பிறகுதான் எனக்கே உறைத்தது, எதையோ முகர்ந்துவிட்டு அது என்னவென்று தேடிக்கொண்டிருக்கிறேன் என்று. கிண்ணத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். புளித்த தேங்காய்ப்பால். தொண்டையைப் புரட்டுகிற நாற்றம். இத்தனை வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த அதே நாற்றம்.

கிண்ணத்தோடு திரும்ப அவரிடம் போனேன். "என்னங்க, கெட்டுப்போச்சு."

அவர் எழுந்து உட்கார்ந்து இன்னொரு முறை உறிஞ்சினார். மூக்கு கரகரவென்றது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றவர், அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உனக்கு... தெரியுதா?"

"தெரியுது."

வாசலுக்கு வந்து பாலை முழுதும் சாக்கடையில் கொட்டினேன். கொட்டிவிட்டுக் காலிக் கிண்ணத்தை இன்னொரு தடவை முகர்ந்தேன். அன்றைக்கு நாசி லெமாக் இல்லை, தோசை மட்டும்தான். கேட்டவர்களிடமெல்லாம், பால் கெட்டுவிட்டது, நான்தான் முகர்ந்து பார்த்தேன் என்று தேவையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடை முடிந்து உள்ளே போனால், அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தார்.

"கிளினிக்குப் போவோம், கெளம்புங்க" என்றேன்.

"சளிதான புள்ள, நீயே வந்து சொல்லிடேன்."

"நான் கூட வரேன், பக்கத்துல உக்காந்துக்கிறேன்" என்றேன். "உங்க மூக்குக்கு நீங்களே பேசுங்க."